பிடித்து விட்டுவிட்டால் போதுமா?

அரிசோனா என்றதும் நமக்குக் கள்ளியும் மணலும்தான் நினைவுக்கு வரும். ஆனால் அங்கே மலைமேல் பிறந்து பாலைவனம் நோக்கி இறங்கும் சிற்றோடைகளில் அப்பாச்சி டிரவுட், கிலா டிரவுட் என்று அந்த மண்ணுக்கே சொந்தமான இரண்டு மீன்கள் உண்டு. பல இடங்களில் ஓடையை ஒரே எட்டில் தாண்டிவிடலாம். அவ்வளவுதான் அவற்றின் உலகம்.

மகன் வீட்டில் தங்கியிருந்தபோது பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர், தூண்டில் பைத்தியம், சொன்னார்: "நாங்கள் கொல்வதில்லையே. பிடித்து, படம் எடுத்து, விட்டுவிடுகிறோம்." நல்ல மனிதர்தான். ஆனால் இந்தச் சமாதானம் எனக்கு ஒப்பவில்லை.

டிரவுட் குளிர்ந்த நீரில் வாழும் மீன். தண்ணீர் சூடேறினால் அதில் பிராணவாயு குறையும். கோடையில் ஓடை வற்றி, மீன்கள் மிச்சமிருக்கும் மடுக்களில் ஒதுங்கி மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் முள்ளை மாட்டி, இழுத்து, களைக்க வைத்து, படத்துக்காக வெளியே தூக்கிப் பிடித்தால் என்ன ஆகும்? விட்டதும் நீந்திப் போகும், சரி. பிறகு கல்லிடுக்கில் செத்துக் கிடந்தால் யார் போய்ப் பார்த்தார்கள்? நீர் 20 டிகிரி செல்சியஸை நெருங்கினால் தூண்டிலைச் சுருட்டுங்கள் என்று விவரம் தெரிந்த தூண்டில்காரர்களே சொல்கிறார்கள்.

இதைவிடப் பெரிய அநியாயம் முன்பே நடந்துவிட்டது. தூண்டில் போடுகிறவர்களுக்கு மீன் வேண்டுமே என்று, பண்ணையில் வளர்த்த ரெயின்போ டிரவுட்டைக் கொண்டுவந்து விட்டார்கள். அது சொந்த இனத்தோடு கூடி அதைக் கலப்பாக்கியது. பிரவுன் டிரவுட் வந்து குஞ்சுகளைத் தின்றது. (நம் நீலகிரியில் வெள்ளைக்காரர்கள் டிரவுட்டைக் கொண்டுவந்து விட்டதும் இதே பொழுதுபோக்குக்குத்தான்.) மாடு மேய்த்ததும் மரம் வெட்டியதும் ஓடைகளைக் கெடுத்தன, இல்லையென்று சொல்லவில்லை.

அப்பாச்சி டிரவுட் எப்படிப் பிழைத்தது தெரியுமா? 1950களில் வெள்ளை மலை அப்பாச்சி பழங்குடியினர் தங்கள் நிலத்தில் அது மிஞ்சியிருந்த ஓடைகளில் தூண்டிலே போடக்கூடாது என்று தடுத்துவிட்டார்கள். பிறகு அரசும் சேர்ந்து, அந்நிய மீன்களை அகற்றி, அவை மேலேறாதபடி தடுப்புகள் கட்டியது. 2024இல் அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் பட்டியலிலிருந்து அப்பாச்சி டிரவுட் நீக்கப்பட்டது. தூண்டில் உரிமக் கட்டணமும் இதற்கு உதவியது என்பார்கள். உதவட்டும். கோயிலுக்கு நன்கொடை கொடுத்தவர் கருவறைக்குள் கட்டில் போட்டுப் படுக்க முடியுமா?

கிலா டிரவுட் இன்னும் அந்தப் பட்டியலில்தான் இருக்கிறது. 2012 காட்டுத்தீயில் அது இருந்த ஓடைகள் பல பாழாயின. மீன் பிடித்துத்தான் ஆக வேண்டுமென்றால் அதற்கென்றே மீன் விடும் ஏரிகள் அங்கே இருக்கின்றன, அங்கே போகட்டும். இந்த ஓடைகளைக் கோடை முழுவதும் பூட்டிவைக்க வேண்டும், பிடித்து விடுகிறவர்களுக்கும் சேர்த்து.