கணக்கில் வராத சாம்பல்

பேரிடருக்குச் சாதி தெரியாதாம். நெருப்புக்கு நிறம் தெரியாதாம். புயலோ வெள்ளமோ வந்த மறுநாளே இந்த வாசகமும் வந்துவிடும். சொல்றவன் யாருன்னு பாருங்க. மேட்டுல வீடு இருக்கறவன். நிவாரண முகாமில் ஒரு ராத்திரிகூடப் படுத்திராதவன். நெருப்புக்குக் கண் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். நெருப்பு வருது, ஓடுங்கன்னு சொல்லி அனுப்பும் அதிகாரத்துக்குக் கண் இருக்கிறது. அந்தக் கண் எந்தத் தெருவை முதலில் பார்க்கிறது, எந்தத் தெருவைக் கடைசியில் பார்க்கிறது என்பதே நம் கேள்வி.

2025 ஜனவரி 7 மாலை, கலிபோர்னியாவில் லாஸ் ஏஞ்சலீஸ் நகருக்கு வடக்கே ஈட்டன் பள்ளத்தாக்கில் தீ பிடித்தது. மலையிலிருந்து இறங்கிய பேய்க்காற்று அதை ஆல்டடீனா என்னும் ஊருக்குள் தள்ளியது. 9,400-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. அந்த ஊரை லேக் அவென்யூ என்ற சாலை இரண்டாகப் பிரிக்கிறது. சாலைக்குக் கிழக்கே வெளியேறச் சொல்லி உத்தரவு அன்று மாலை ஏழரை மணி வாக்கிலேயே வந்துவிட்டது. மேற்கே வந்தது விடியற்காலை 3.25-க்கு. தீ பிடித்து ஒன்பது மணி நேரம் கழித்து! மேற்குப் பக்கத்தில் நெருப்பு தெரிகிறது என்று நள்ளிரவுக்கு முன்பே போன் போட்டுச் சொல்லியிருக்கிறார்கள். சாவுக் கணக்கு 17 என்று நின்றபோது அந்தப் பதினேழு பேரும் லேக் அவென்யூவுக்கு மேற்கே செத்தவர்கள்.

மேற்கே யார் இருந்தார்கள்? 1930-களில் அமெரிக்க அரசின் வரைபடங்கள் கறுப்பின மக்கள் வாழும் பகுதிகளைச் சிவப்பால் குறித்தன. அந்தப் பகுதிக்கு வீட்டுக்கடன் கிடையாது. பிறகு பசதீனாவில் நெடுஞ்சாலை போடுகிறோம், நகரைச் சீரமைக்கிறோம் என்று கறுப்பர் குடியிருப்புகளை இடித்தார்கள். விரட்டப்பட்டவர்களில் பலர் வீடு வாங்க முடிந்த இடம் மேற்கு ஆல்டடீனா. அங்கே இரண்டு மூன்று தலைமுறையாகச் சேர்த்த சொத்துதான் எரிந்தது. ஆல்டடீனாவின் கறுப்பினக் குடும்பங்களில் 48 சதவீதத்தினரின் வீடுகள் அழிந்தன அல்லது பெருஞ்சேதமடைந்தன என்றும், மற்றவர்களில் அது 37 சதவீதம் என்றும் லாஸ் ஏஞ்சலீஸ் கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வு சொல்கிறது. இதைப் புரிந்துகொள்ள நமக்கு அகராதி வேண்டியதில்லை. ஊர் எது, சேரி எது, நடுவில் ஓடும் ரோடு எது என்பது நமக்குப் பிறந்ததிலிருந்தே தெரியும்.

அந்த வாரம் பசதீனாவில் ஒரு முகாமில் கம்பளி கொடுக்கவும் சக்கர நாற்காலி தள்ளவும் நின்றேன். முதியோர் இல்லத்திலிருந்து கூட்டிவந்தவர்கள் மடக்குக் கட்டிலில் வரிசையாகக் கிடந்தார்கள். பக்கத்தில் தண்ணி பாட்டில் அடுக்கிக்கொண்டிருந்தார் நம்ம நாட்டுக்காரர் ஒருத்தர். “பாத்தீங்களா தம்பி, நெருப்பு வந்தா கோடீஸ்வரனும் கூலிக்காரனும் ஒண்ணுதான்” என்றார். அஞ்சு நிமிஷம் கழிச்சு, “எந்த ஊரு?” என்றார். சொன்னேன். “ஊர்ல எந்தப் பக்கம்?” என்றார். அதையும் சொன்னேன். அதுக்கப்புறம் அவர் பேசல. பாட்டில் மட்டும் அடுக்கினார்.

பத்தாயிரம் மைல் தாண்டி, சாம்பல் மழைக்கு நடுவில், மூஞ்சியில் முகமூடி மாட்டிக்கொண்டும் கேட்க முடிகிற கேள்வி அது. இதே கலிபோர்னியாவில் சாதிப் பாகுபாட்டை வெளிப்படையாகத் தடைசெய்யும் மசோதா 2023-இல் சட்டமன்றத்தின் இரு அவைகளிலும் நிறைவேறியது. இருக்கிற சட்டமே போதும் என்று சொல்லி ஆளுநர் நியூசம் அக்டோபரில் அதைத் தள்ளிவிட்டார். போதுமா? முகாமுக்கு வந்து பாட்டில் அடுக்கிப் பார்க்கட்டும்.

முகாமில் பந்தி ஒன்றுதான். கறுப்புக் கிழவியும் வெள்ளைக் கிழவியும் ஒரே வரிசையில் நின்று ஒரே சூப்பை வாங்கினார்கள். மறைப்பதற்கில்லை. ஆனால் பந்தி ஒன்றாக இருந்தாலும் கணக்கு வேறு. வீடு எரிந்தவர் பாதிக்கப்பட்டவர். அந்த வீட்டில் புல் வெட்டியவர், தரை துடைத்தவர், குழந்தை பார்த்தவர் யார்? அவர்கள் வீடு எரியவில்லை, பிழைப்பு எரிந்தது. குடியேற்றக் காகிதம் இல்லாதவர்களுக்கு மத்திய அரசின் உதவிப் பணமும் கிடையாது. ஆனால் விழுந்த மரங்களையும் குப்பையையும் அகற்ற, சம்பளத்துக்கு அல்லாமல் தொண்டாகத் தெருவில் இறங்கியவர்களில் அந்தப் பகுதியின் அன்றாடக் கூலிகள் முன்னே நின்றார்கள்.

நாகப்பட்டினத்தை நினைத்துப் பாருங்கள், தோழர்களே. 2004 டிசம்பர் 26 சுனாமியில் அந்த மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். படகு போனவருக்குக் கணக்கு இருந்தது, வலை போனவருக்குக் கணக்கு இருந்தது. உப்பு ஏறிய வயலில் நடவு நட்டுக் கூலி வாங்கிய தலித் பெண்ணுக்கு என்ன போச்சு? நிலம் அவளுடையதில்லை. அதனால் அவளுக்கு நஷ்டமே இல்லை! நம்மிடம் பந்தியும் ஒன்றாக இருக்கவில்லை. முகாம்களிலிருந்து தலித்துகள் விரட்டப்பட்டதும், பொதுத் தண்ணீர்த் தொட்டியில் பிடிக்கவிடாமல் தடுக்கப்பட்டதும் உண்மை அறியச் சென்ற குழுக்களின் அறிக்கைகளில் இருக்கின்றன.

பிணம் யார் எடுத்தது? வெளியூர் நகராட்சிகளிலிருந்து லாரியில் ஏற்றிவந்த துப்புரவுத் தொழிலாளர்கள். பலருக்குக் கையுறைகூட இல்லை. 2015 சென்னை வெள்ளத்திலும் குப்பை அள்ள வெளிமாவட்டங்களிலிருந்து அவர்களைத்தான் கொண்டுவந்தார்கள். லாஸ் ஏஞ்சலீசில் அந்த இடத்தில் நின்றவர்கள் சிறைக்கைதிகள். ஆயிரம் பேருக்கு மேல் அந்தத் தீயணைப்பில் ஈடுபட்டார்கள். ஒரு நாள் கூலி 5.80 டாலரிலிருந்து 10.24 டாலர் வரை. அவசர காலத்தில் மணிக்கு ஒரு டாலர் கூடுதல். ஊரெல்லாம் அவர்களை வீரர்கள் என்று கொண்டாடிய பிறகு, 2025 அக்டோபரில்தான் தீயணைக்கும் நேரத்துக்கு மணிக்கு 7.25 டாலர் என்று சட்டம் வந்தது. வீரர் என்று சொல்லிவிட்டால் கூலி கேட்க மாட்டான் என்பது எல்லா ஆண்டைகளுக்கும் தெரிந்த தந்திரம்.

“ஆபத்து நேரத்துல இதெல்லாம் பேசலாமா?” என்று கேட்பார்கள். ஆபத்து இல்லாத நேரத்தில் பேசினால் “இப்ப ஏன் பழசைக் கிளறுறே?” என்பார்கள். எப்பத்தான்யா பேசறது? சோறு போடும் கையைக் கேள்வி கேட்கக் கூடாது என்பது பிச்சைக்கான நியாயம். நிவாரணம் பிச்சை இல்லை. நம் வரியில், நம் உழைப்பில் சேர்ந்த பணம் அது. முகாமுக்குப் போய்ப் போர்வை கொடுத்துப் போட்டோ எடுத்துக்கொண்டு திரும்புவது புண்ணியம் தேடுகிறவன் வேலை. நமக்கு வேறு வேலை இருக்கிறது.

முகாமுக்குப் போகும் மாணவர்களே, போர்வையோடு ஒரு நோட்டும் எடுத்துப் போங்கள். எச்சரிக்கை எந்தத் தெருவுக்கு எத்தனை மணிக்கு வந்தது என்று எழுதுங்கள். உள்ளே இருப்பவர்களை எண்ணிவிட்டு, வராமல் போனவர்களைத் தேடிப் போங்கள். வாசல்வரை வந்து திரும்பியது யார், ஏன் என்று கேளுங்கள். பிணம் எடுத்தவருக்கும் குப்பை அள்ளியவருக்கும் என்ன கூலி, என்ன பாதுகாப்பு என்று கேளுங்கள். வீட்டையும் படகையும் எழுதும் பட்டியலில், போன வேலைநாட்களையும் நஷ்டம் என்று எழுதச் சொல்லிச் சண்டை போடுங்கள்.

அதிகாரி பட்டியலை மூடுவதற்குள் நம் பட்டியல் அவன் மேஜைமேல் இருக்க வேண்டும். அவன் மூடிவிட்டால் அதற்கப்புறம் நாம் கொடுப்பதெல்லாம் மனுதான்.