சாவியும் அமானிதமே

அமெரிக்காவில் கார் காப்பீட்டில் வீட்டாரின் பெயர்களைச் சேர்ப்பதும் நீக்குவதும் வழக்கம். நம் நாட்டுப் பாலிசியில் அத்தகைய பட்டியல் இல்லை. உரிமையாளரின் அனுமதியுடன், செல்லத்தக்க ஓட்டுநர் உரிமம் உள்ள எவரும் ஓட்டலாம். ஆகவே, உரிமமில்லா மகனிடம் சாவியைத் தரும் தகப்பனாரே அவனைப் பாதுகாப்பிலிருந்து நீக்கிவிடுகிறார்.

கிரிவலப் பாதையிலுள்ள எங்கள் அடி அண்ணாமலையில் பௌர்ணமிதோறும் மக்கள் வெறுங்காலுடன் நடந்து செல்கின்றனர். அவர்களில் ஒருவர்மீது அவன் மோதினால்? காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு உரிமையாளரிடம் வசூலிக்கலாம் என 2004இல் ஸ்வரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் வழிகாட்டியது. ஓட்டியவன் சிறுவனாயின், 2019 திருத்தச் சட்டப்படி தகப்பனாருக்கு 3 ஆண்டுகள்வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு.

இழப்பீடு கொடுத்தாலும் அடியாரின் ஹக்கு, பாதிக்கப்பட்டவர் மன்னிக்கும்வரை நம் கழுத்தில் நிற்கும். உரிமம் பெறும்வரை பிள்ளைகளிடம் சாவியைக் கொடாதீர்கள்.