12 மணி நேர வேலையும் ஒரு புள்ளியும்

1/ அரவை சீசன்ல முண்டியம்பாக்கம் சர்க்கரை ஆலை ராப்பகலா ஓடும். மெஷின் தாங்கும். மனுஷனுக்கு ஷிஃப்ட் மாறியே ஆகணும்.

2/ 2023 ஏப்ரல் 21. தினசரி 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா சட்டசபையில் நிறைவேறுச்சு. "வாரத்துக்கு அதே 48 மணி நேரம்தானே"ன்னாங்க.

3/ உடம்புக்கு வாரக் கணக்கு தெரியாது. பயிற்சி டாக்டரா இருந்தப்போ, விடிய விடிய டூட்டி பார்த்துட்டு, ஒரு குழந்தையோட மருந்து அளவுல புள்ளியை மாத்தி வெச்சேன். நர்ஸ் அக்கா பார்த்துத் தடுத்தாங்க. ஃபேக்டரியில அந்தப் புள்ளி ஒரு விரல்.

4/ "என்னால முடியல"ன்னு தனி ஆளா சொன்னா, "அப்போ நின்னுக்கோ"ம்பாங்க. சங்கமா சொன்னா காது கொடுத்துத்தான் ஆகணும். தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்தாங்க. மே 1 அன்னிக்கு மசோதா வாபஸ்.

5/ ஸ்ட்ரைக்னா நஷ்டம் உண்டு, மறுக்கல. ஆலை நின்னா வெட்டின கரும்பு காயும், விவசாயிக்குத்தான் அடி. அதனாலதான் சொல்றேன்: ஸ்ட்ரைக் வரைக்கும் போக விடாம, முன்னாடியே உட்கார்ந்து பேசுங்க. பேச ஒரு சங்கம் வேணும்.

6/ "சங்கம் வந்தா உற்பத்தி கெடும்"னு சொல்றவங்களே, வாய் திறக்க பயந்தவன் செய்யுற தப்பையும் அந்தக் கணக்குல சேருங்க.