மது விழாவுக்கா, திராட்சைப் பந்தலுக்கா?

புக்கிட் பாத்தோக்கில் எங்கள் அண்டை வீட்டார் ஒருவர், நாசிக் நகரின் திராட்சை மது விழாவுக்கு வார இறுதிப் பயணம் திட்டமிடுகிறார். 2025ஆம் ஆண்டு அங்கே சுலாஃபெஸ்ட், பிப்ரவரி 1, 2 ஆகிய சனி, ஞாயிறுகளில் நடைபெற்றது. அடுத்த முறை பிள்ளைகளையும் அழைத்துச் செல்வாராம். பெரியவர்கள் சுவைத்து மகிழ்வதை நான் குறைகூறவில்லை. ஆனால் மகாராட்டிரத்தில் திராட்சை மது அருந்தவே 21 வயது நிறைந்திருக்க வேண்டும். பத்து வயதுப் பிள்ளைக்கு அங்கே என்ன வேலை?

திராட்சைதான் காரணம் என்றால் நம் கம்பம் பள்ளத்தாக்கு இருக்கிறதே! மதுரை வரை வானூர்தி. பிறகு தேனி வழியே சாலைப் பயணம். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற பன்னீர் திராட்சை அங்கே ஆண்டு முழுவதும் அறுவடையாகிறது. விழா நாளுக்குக் காத்திராமல் பள்ளி விடுமுறையிலேயே புறப்படலாம். (இரண்டு நாள் போதாது, வெள்ளி, திங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.)

என் மாணவன் ஒருவன் கட்டுரையில் "திராட்சை மரம்" என்று எழுதியிருந்தான். சிவப்பு மையால் "கொடி" என்று திருத்தினேன். தலையசைத்தான்; விளங்கியதாகத் தோன்றவில்லை. பந்தலின்கீழ் நின்று, தலைக்குமேல் தொங்கும் குலைகளைக் கண்டு, தோட்டக்காரரிடம் தமிழிலேயே விலை கேட்டு அவன் ஒரு கிலோ வாங்கிவந்தால் போதும். அச்சொல்லை நான் மறுபடியும் திருத்த நேராது.