மூல ஓலை எங்கே?

வீடு வாங்கப் போகிறவன் முதலில் வாசற்படியைப் பார்க்கிறான்; பிறகு முற்றத்தையும் கிணற்றையும் தென்னையையும் பார்க்கிறான்; மனம் முழுவதும் அந்த வீட்டில் குடியேறிவிட்ட பிறகு, கடைசியாகப் பத்திரத்தைக் கேட்கிறான். இந்தக் கிரமம் தலைகீழானது என்று லோகானுபவம் உள்ள எவரும் சொல்வார்கள். நானும் பிறருக்குப் பலமுறை சொல்லியிருக்கிறேன். ஆயினும் என் முறை வந்தபோது நானும் வாசற்படியிலிருந்துதான் ஆரம்பித்தேன்.

சில வருஷங்களுக்கு முன் காவிரிக் கரையிலுள்ள ஒரு சிற்றூரில், ஓடு வேய்ந்த பழைய வீடொன்றை விலை பேசப் போயிருந்தோம். நீண்ட திண்ணையையும், கோடையிலும் வற்றாதது என்று சொல்லப்பட்ட கொல்லைக் கிணற்றையும் கண்ட மாத்திரத்தில், என் மனைவி ஊஞ்சலை எந்த உத்தரத்தில் மாட்டலாம் என்று யோசிக்கத் தொடங்கிவிட்டாள். வீட்டுக்குடையவர் பிள்ளைகளற்ற, கணவரை இழந்த ஒரு முதிய அம்மையார். பட்டா, வீட்டு வரி ரசீதுகள், வாரிசுச் சான்று, முப்பது வருஷத்து வில்லங்கச் சான்று எல்லாம் ஒரு துணிப்பையிலிருந்து ஒவ்வொன்றாக வெளிவந்தன. மூலப் பத்திரமும் பாகப் பத்திரமும் மட்டும் வரவில்லை.

“அதெல்லாம் வெள்ளத்துல போயிட்டுது, தம்பி. அவரே சொல்லியிருக்கார். வேணும்னா ரெண்டு லட்சம் குறைச்சுக்குங்க” என்றார் அந்த அம்மையார்.

இரண்டு லட்சம் என்பது மனிதனுடைய விவேகத்தை மழுங்கச் செய்யப் போதுமான தொகை. உடனிருந்த பத்திர எழுத்தரும், “நகல் போட்டு வாங்கிடலாம் சார், போலீஸில் ஒரு புகார், பேப்பரில் ஒரு விளம்பரம், அவ்வளவுதான்” என்று தைரியம் சொன்னார். அவர் சொன்னதில் பிழையில்லை. 1908-ஆம் வருஷத்துப் பதிவுச் சட்டத்தின்படி, பதிவாகும் ஸ்தாவர சொத்துப் பத்திரங்கள் பதிவு அலுவலகத்துப் புத்தகத்தில் பிரதி செய்யப்படுகின்றன. கட்டணம் செலுத்திய எவரும் அதன் நகலைப் பெறலாம். அந்த நகல், மூலத்தில் எழுதியிருந்தது இன்னதுதான் என்பதற்கு நீதிமன்றத்தில் அத்தாட்சியாகவும் நிற்கும்.

மறுநாள், என் பால்ய சிநேகிதரான ஒரு வழக்கறிஞரிடம் இதைப் பெருமையுடன் சொன்னேன். அவர் சட்டப் புத்தகம் எதையும் புரட்டவில்லை. “நகல் கிடைக்கும், சரி; மூல ஓலை எங்கே?” என்று மட்டும் கேட்டார். பெரிய புராணத்தில் ஈடுபாடுள்ளவர் அவர் என்பதால், அந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்பது எனக்கு உடனே விளங்கிவிட்டது.

புத்தூரில் சுந்தரருக்குக் கல்யாணம் நடக்கவிருந்த பந்தலில் ஒரு கிழவேதியர் தோன்றி, ‘இவன் எனக்கு அடிமை; இவனுடைய பாட்டன் எழுதிக் கொடுத்த ஓலை இதோ’ என்று நீட்டியதும், மணமகன் கோபம் மேலிட்டு அதைப் பிடுங்கிக் கிழித்தெறிந்ததும், ‘நீ கிழித்தது படியோலைதான்; மூல ஓலை என்னிடம் பத்திரமாக இருக்கிறது’ என்று அந்தக் கிழவர் அவரைத் திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்கு இழுத்துச் சென்றதும் நாம் அறிந்த கதை. பக்தர்கள் அதில் ஆட்கொள்ளலைக் காண்கிறார்கள். என் சிநேகிதர் போன்றவர்கள், உலக வழக்கில் ஒரு விவகாரத்தை நிரூபிக்கும் வழிகள் ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி என்னும் மூன்றுதான் என்று அந்தச் சபையார் வகுத்துக் கொண்ட தெளிவையும், காப்பிலிருந்த பாட்டனாருடைய வேறொரு கையெழுத்தைத் தருவித்து மூல ஓலையோடு ஒப்புநோக்கிய நிதானத்தையும் காண்கிறார்கள்.

“நகல், என்ன எழுதியிருந்தது என்பதைச் சொல்லும், மூலம் யார் கையில் இருக்கிறது என்பதைச் சொல்லாது” என்றார் சிநேகிதர். 1882-ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தின்படி, சென்னை, கல்கத்தா, பம்பாய் ஆகிய நகரங்களிலும் அரசாங்கம் அறிவிக்கும் பிற ஊர்களிலும், பத்திரத்தைக் கடனுக்கு ஈடாகக் கொண்டுபோய்க் கொடுப்பதே ஓர் அடமானமாகிவிடும். சொத்து அதே ஊரில் இருக்கவேண்டும் என்பதுகூட இல்லை. வங்கிகள் இந்நாளில் அதற்கு ஓர் எழுத்தும் பதிவும் செய்துகொள்கின்றன. தனிமனிதர்களிடையே கைமாறும் பத்திரம் ஓசைப்படாமல் ஓர் இரும்புப் பெட்டிக்குள் போய்விடலாம். பதிவானவற்றை மட்டுமே அறிந்த வில்லங்கச் சான்று, அதைப் பற்றி ஒன்றும் அறியாமல், வில்லங்கமில்லை என்றே சாதிக்கும். பட்டாவோ வருவாய்த் துறையின் கணக்கேயன்றி உரிமைச் சாஸனமன்று. பதிவு அலுவலராவது நம்மைக் காப்பார் என்று எண்ணவும் அன்று இடமிருக்கவில்லை. முந்தைய மூலப் பத்திரத்தைக் காட்டினால்தான் பதிவு என்று தமிழ்நாட்டில் ஏற்பட்ட விதியொன்றைப் பின்னாளில், 2025 ஏப்ரலில், உச்ச நீதிமன்றம் செல்லாதென்று தள்ளியபோது, விற்பவருக்குப் பாத்தியதை உண்டா என்று ஆராயும் அதிகாரத்தை 1908-ஆம் வருஷத்துச் சட்டம் பதிவு அலுவலருக்குத் தரவில்லை என்றே சொல்லிற்று. விசாரித்திருக்க வேண்டியதை வேண்டுமென்றே விசாரியாமல் விட்டவன், அறிந்தே வாங்கியவனாகச் சட்டத்தின் கண்ணில் பாவிக்கப்படுவான் என்பதையும் சிநேகிதர் நினைவூட்டினார். “உன்னிடம் ஆட்சிக்கு வரி ரசீது இருக்கிறது, ஆவணத்துக்குப் பாதி இருக்கிறது, மூன்றாவதை இன்னும் கேட்கவேயில்லையே!” என்று சொல்லி அனுப்பினார்.

ஆகவே மறுபடியும் அந்தத் தெருவுக்குப் போய், அடுத்த வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்த எண்பது வயதுப் பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். மழை, மகசூல், மருமகள் என்று சுற்றி வந்து வெள்ளத்தை அடைந்தோம். “இந்தத் தெருவுக்கா? ரெண்டாம் படியோட நின்னு போச்சு. ஒரு வீட்டுக்குள்ளயும் தண்ணி வரலையே, ஐயா” என்றார் அவர், நான் என்ன கேட்கிறேன் என்பதை அறியாமலே.

இதை அந்த அம்மையாரிடம் சொல்ல எனக்குச் சங்கடமாக இருந்தது. அவர் பொய் சொல்லவில்லை. தமக்குச் சொல்லப்பட்டதைச் சொன்னார். நெடுநேரம் முற்றத்தைப் பார்த்தபடி இருந்துவிட்டு, “கொழுந்தனாரைக் கேட்டுப் பார்க்கணும்” என்றார். கேட்டதில் விஷயம் வெளிவந்தது. தம்பி கடை வைப்பதற்காக, அண்ணன் பத்திரங்களைப் பட்டணத்தில் லேவாதேவி செய்யும் ஒருவரிடம் ஒப்படைத்திருந்தார். மனைவி கலங்குவாளே என்று வெள்ளத்தின்மேல் பழியைப் போட்டிருந்தார். தம்பியும் அன்றுவரை வட்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார். யோக்கியமான மனிதர்களின் அன்பினாலேயே நேர்ந்த விவகாரம் அது. எனினும் நான் அவசரப்பட்டிருந்தால், அந்த அன்பின் அசலும் வட்டியும் என் தலையில் விடிந்திருக்கும்.

கிரயத் தொகையிலிருந்து கடன் நேராகவே தீர்க்கப்பட்டது, பத்திரங்கள் திரும்பின, குறைப்பதாகச் சொன்ன இரண்டு லட்சத்தை நான் கேட்கவில்லை, அவரும் தரவில்லை. பதிவு முடிந்த அன்று மாலை, பழுப்பேறிய அந்த மூலப் பத்திரத்தைத் திண்ணையில் விரித்து வைத்துக்கொண்டு, நிதி நிக்ஷேப ஜல தரு பாஷாணங்கள் யாவும் இனி நம்முடையவை என்ற மிதப்போடு சக்குபந்தியைப் படித்துக்கொண்டிருந்தேன். இன்னார் வீட்டுக்கு வடக்கு, இன்னார் மனைக்குக் கிழக்கு என்று, வீட்டின் நான்கு எல்லைகளில் மூன்றை அயலார் பெயர்களே தாங்கி நின்றன.

அடுத்த வீட்டுப் பெரியவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கிட்ட வந்து குனிந்தார். கடைசிப் பக்கத்தில், சாட்சிகளின் வரிசையில், கோணலாக விழுந்திருந்த ஒரு கையெழுத்தின்மேல் விரலை வைத்து, “இது எங்க தாத்தா எழுத்து” என்றார்.