குரல் இழுக்கும் காஸெட் பெட்டி

தில்லி கரோல்பாகில் வாழும் நம் சங்கத்து அம்மையார் ஒருவர், பரணிலிருந்து இறக்கிய பழைய காஸெட் பெட்டியுடன் சென்ற மாதம் நம்மிடம் வந்தார். உடன் ஒரு காஸெட்டும் இருந்தது. 1984ஆம் ஆண்டில் கும்பகோணத்திலிருந்து அவருடைய தந்தையார் பேசி அனுப்பிய கடிதம் அது. வீட்டுக்கு வீடு தொலைபேசி இல்லாத அந்நாளில், இவ்வாறு குரலை அனுப்பிக் குசலம் விசாரித்த குடும்பங்கள் நம்மிடையே பல உண்டு. தந்தையார் இன்று இல்லை. பெட்டியில் இட்டாலோ, அவர் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இழுத்து இழுத்து ஒலித்தது. "ஸார், இது அப்பா குரலே இல்லை. பெட்டியைக் கபாடிவாலாவிடம் போட்டுவிடட்டுமா?" என்று கேட்டார். சற்றுப் பொறுக்குமாறு வேண்டினோம்.

1963ஆம் ஆண்டில் பிலிப்ஸ் நிறுவனத்தார் உலகுக்கு அறிமுகப்படுத்திய இக்காஸெட்டில், நாடா விநாடிக்கு 4.76 செ.மீ. வேகத்தில் ஓடவேண்டும் என்பது விதி. அவ்வேகம் நூற்றுக்கு 6 பங்கு குறைந்தாலே சுருதி ஏறத்தாழ அரைக் கட்டை இறங்கிவிடும். ஆகவே, குரல் திரிந்தது நாடாவின் குற்றமாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை; நாடாவை ஓட்டும் பொறியின் குற்றமாகவும் இருக்கலாம் அன்றோ?

செங்கோட்டைக்கு எதிரேயுள்ள லஜபதிராய் சந்தையில், முதிய சர்தார்ஜி ஒருவரிடம் பெட்டியைக் கொண்டு சென்றோம். அம்மையார் தந்தையாரின் காஸெட்டை நீட்டியதும் அவர் கையமர்த்தினார். பழுதுள்ள பெட்டி நாடாவைச் சுருட்டி மென்றுவிடக் கூடுமாதலால், போனாலும் கவலையில்லாத காஸெட்டைத்தான் முதலில் இடவேண்டும் என்றார். நேயர்கள் இதனை மறவாதிருப்பார்களாக.

அடுத்து, பெல்ட்டைக் கழற்றிவிட்டு மோட்டாரை மட்டும் தனியே ஓடவிட்டார். அது சீராக ஓடினால், குற்றம் தளர்ந்த பெல்ட்டிலோ, உலர்ந்து இறுகிய மசகிலோ இருக்கும். இங்கே மோட்டாரே விட்டுவிட்டு ஓடியது. தண்டின் அடியில் மெல்லிய எண்ணெய் ஒரு துளி இட்டார். மிகுதியாக இட்டால் உள்ளேயுள்ள பிரஷ்களில் படிந்து மேலும் கெடுக்குமாம். அதனாலும் பயனில்லை, பிரஷ்கள் தேய்ந்துபோயிருந்தன.

வேறொரு பழம்பெட்டியிலிருந்து மோட்டார் ஒன்றைக் கழற்றி எடுத்தார். எல்லா மோட்டாரும் எல்லாப் பெட்டிக்கும் பொருந்துவதில்லை. வோல்ட் அளவு, சுழலும் திசை, நிமிடத்துக்கு எத்தனை சுற்று ஆகிய மூன்றும் ஒத்திருத்தல் வேண்டும். திசை மாறினால் நாடா முறைப்படி ஓடாது. பழைய மோட்டாரின் கப்பியைப் புதியதில் பொருத்தி, பெல்ட்டையும் மாற்றினார். பின்னர் ஒலித்தலையையும், நாடாவை இழுக்கும் உருக்குத் தண்டையும், ரப்பர் உருளையையும் ஸ்பிரிட் தோய்த்த பஞ்சால் துடைத்தார்.

வேகத்தைச் சரிசெய்ய மோட்டாரின் பின்புறத் துளைக்குள் ஒரு சிறு திருகு உண்டு. உறையில் நேரம் அச்சிட்ட பாட்டுக் காஸெட் ஒன்றை ஓடவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். 5 நிமிடப் பாட்டு 3 விநாடி பிந்தினால், வேகம் நூற்றுக்கு 1 பங்கு குறைவு என்று பொருள். மயிரிழை அளவாகத் திருகித் திருகி நேரத்தை ஒக்கச் செய்தார்.

அதன் பின்னரே தந்தையாரின் காஸெட்டை இட்டோம். குரல் தெளிவாக எழுந்தது. எனினும் அம்மையார், "இன்னும் கொஞ்சம் கனமாக இருக்கிறது" என்றார். அன்று ஊரில் பதிந்த பெட்டியின் வேகமும் சற்றே பிசகியிருந்திருக்கலாம். சர்தார்ஜி மேலும் சிறிது திருகினார். அம்மையாரின் பெயரைச் சொல்லித் தந்தையார் அழைக்கும் இடம் வந்தது. "போதும், இதுதான்" என்றார் அம்மையார். கடிகாரம் காட்டாத அளவை மகளின் செவி காட்டிற்று. அன்று மாலையே அக்குரலைக் கணினியில் பதிந்து வைத்தோம்.

நேயர்களே, உங்கள் பரண்களிலும் இத்தகைய குரல்கள் உறங்கக் கூடும். நாடாவும் மூப்படைகிறது, பழுது பார்க்கும் கைகளும் அருகி வருகின்றன. பெட்டி கெட்டுவிட்டதென்று குரலையும் சேர்த்து எறிந்துவிடாதீர்கள். வரும் ஞாயிறே பரணில் ஏறிப் பாருங்கள்.