தலை எது, வால் எது?

சென்ற ஆண்டு நம் மாணவர்களைப் பிரிக்பீல்ட்ஸுக்கு அழைத்துச் சென்று, கோலாலம்பூர் சென்ட்ரலில் கிள்ளானுக்குக் கொமுட்டர் ஏறினோம். இரண்டாம் ஆண்டு மாணவன் ஒருவன், “ஐயா, இந்த இரயிலுக்குத் தலை எது, வால் எது?” என்று வினவினான். நல்ல கேள்வி. உடனே விடையளிக்க நமக்கே சற்றுத் தயக்கந்தான்.

நமது இளமையில் இக்கேள்விக்கு இடமில்லை. எஞ்சின் இருக்குமிடமே தலை. கடைசி நிலையத்தில் அதனைக் கழற்றிப் பக்கத் தண்டவாளத்தில் ஓட்டி மறுமுனையில் மாட்டுவர். 1995இல் தொடங்கிய கொமுட்டரிலோ தனி எஞ்சினே கிடையாது. மோட்டார்கள் பெட்டிகளின் அடியில் உள்ளன; இரு முனையிலும் ஓட்டுநர் அறை உண்டு.

நெடுந்தொலைவு இரயில்களுக்கு வேறொரு முறையும் உண்டு. எஞ்சின் போகும்போது இழுக்கும். திரும்பும்போது அதே முனையில் நின்று தள்ளும். ஓட்டுநர் மறுமுனைப் பெட்டியில் அமர்ந்து அதனை இயக்குவார். ‘புஷ்-புல்’ என்பது இதுவே. நேரம் மிச்சமாகும். ஆயின் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஸ்காட்லாந்தில் எடின்பரோ–கிளாஸ்கோ இரயில்கள் 1971இல் இரு முனையிலும் எஞ்சின் பூட்டி ஓடின. பின்னர் வலிமை மிக்க ஓர் எஞ்சினே போதுமென்றனர். 1984 ஜூலை 30 அன்று போல்மான்ட் அருகே, எஞ்சின் பின்னின்று தள்ள, முன்சென்ற இலேசான பெட்டி ஒரு பசுவின்மீது மோதித் தடம் புரண்டது. வேலி பழுதுற்ற இடத்தில் நுழைந்த பசு அது. 13 பேர் மாண்டனர்.

எனவேதான் இந்தியாவில் 2023 டிசம்பர் 30இல் தொடங்கிய அமிர்த பாரத் இரயிலை நாம் மெச்சுகிறோம். முன்னொன்று பின்னொன்றாக இரு மின்சார எஞ்சின்கள். முன்னிருக்கும் ஓட்டுநரே இரண்டையும் இயக்குகிறார். இடையே 22 பெட்டிகள். விரைவில் வேகம் பிடிக்கும், குலுக்கலும் குறைவு. முதலில் ஓடியவற்றின் பெட்டிகள் சென்னைப் பெரம்பூரில் உருவானவை. அவற்றில் குளிர்சாதனம் இல்லை. புதுமையென்றால் வசதியுள்ளோருக்கே முதலில் என்பது உலக வழக்கம். இங்கே அது கூலிக்காரனின் பயணச்சீட்டுக்கு வந்திருக்கிறது. அதுவே சரியென்பது நம் கருத்து.

1886இல் திறந்த கோலாலம்பூர்–கிள்ளான் பாதை முதலாக, இந்நாட்டுத் தண்டவாளங்களில் நம் முன்னோர் வியர்வை சிந்தியுள்ளனர். அவர்தம் பேரப்பிள்ளைகளோ பயணச்சீட்டு இயந்திரத்தை மட்டுமே அறிவர். பெற்றோரே, இவ்வாண்டுச் சுற்றுலாவுக்குக் கேளிக்கைப் பூங்கா வேண்டாம். போர்ட் கிள்ளான்வரை இரயிலில் செல்வோம். கடைசி நிலையத்தில் ஓட்டுநர் இறங்கி மறுமுனைக்கு நடந்து செல்வதைப் பிள்ளைகள் பார்க்கட்டும். கட்டணத்தை வகுப்பாசிரியரிடம் செலுத்துக.